கலப்படத்தோடு முடியாத கேள்வி

மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் 2025ஆம் ஆண்டு இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டதற்குக் கலப்படமே காரணம் என்றும், ஆலைச் சோதனையை இறுக்கினால் போதும், குழந்தைகளிடம் மருந்தாய்வு நடத்துவது கொடுமை என்றும் வாதிடுவோர் பாதி உண்மையையே பேசுகின்றனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்தக் கோல்ட்ரிஃப் மருந்தில், 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலைக் கரைப்பான் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கண்டறிந்தது. கொன்றது அந்த நஞ்சுதான். ஆனால் நஞ்சே கலவாதிருந்தாலும், அதிலிருந்த குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டை 4 வயதுக்குட்பட்டோருக்குத் தரலாகாது என 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியிருந்தது.

குழந்தைகளிடம் ஆய்வே வேண்டாம், பெரியவர்களின் அளவை எடைக்கேற்பக் குறைத்தால் போதும் என்பது அதைவிட ஆபத்தான வாதம். குளோரம்பெனிக்கால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை அவ்வாறு கணக்கிட்டுப் பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அவர்களது கல்லீரலில் முதிராததால் அது உடலில் தேங்கி, தோல் சாம்பல் நிறமாகிப் பலர் இறந்தனர். 1959இல் குறைப்பிரசவக் குழந்தைகளைக் குழு பிரித்து ஒப்பிட்ட ஆய்வே அதை உறுதிப்படுத்தியது.

பொன்னமராவதியில் ஒரு தாய், மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிய மருந்தைச் சமையலறைக் கரண்டியால் தோராயமாக அளந்து புகட்டுவதும் சோதனைதான். விளைவைக் குறித்துவைக்க அங்கே எவருமில்லை. முறையான ஆய்விலோ, 2019ஆம் ஆண்டின் இந்திய மருந்தாய்வு விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். 7 வயது நிரம்பிய குழந்தையிடம் அதன் இசைவையும் கேட்டாக வேண்டும்.