பயில்வானுக்குப் பக்கத்தில் யார்?

குஸ்தி என்றவுடன் நம் தோட்டத்துப் பெரியவர்கள் தாரா சிங்கையும் கிங்காங்கையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் குஸ்தி. நாம் இங்கு எழுத முற்படுவது ஒலிம்பிக் கோதாவைப் பற்றியாகும்.

பெரிய போட்டி நெருங்கும் போதெல்லாம் குஸ்தி வாத்தியார்கள், தங்கள் பிள்ளைகள் பதக்கத்தோடு திரும்புவார்கள் என்று நம்பிக்கை தெரிவிப்பது வழக்கம். அதை நாம் குறை கூறவில்லை. நம்பிக்கை இல்லாத வாத்தியாரிடம் எந்தப் பிள்ளை வித்தை கற்பான்? ஆனால் வாத்தியார் பிடியைச் சொல்லித் தரலாம், மூச்சைப் பழக்கலாம். அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்குத் துணை யார் என்பதே நம் கேள்வி.

மராட்டிய நாட்டில், சாத்தாரா மாவட்டத்தில் கோலேஷ்வர் என்பது ஒரு சிற்றூர். 1926ஆம் ஆண்டில் அங்கே பிறந்த கே. டி. ஜாதவுக்கு முதல் வாத்தியார் அவருடைய தகப்பனாரே. ஊர்க் கோதாவின் மண்ணில் புரண்டு வளர்ந்த அந்த இளைஞர் 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். அங்கே மண் இல்லை, மெத்தை விரிப்பு. சட்டதிட்டங்களும் புதியவை. ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்க வாத்தியார் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். முதல் தடவையிலேயே தம் எடைப் பிரிவில் ஆறாவது இடம் கிடைத்தது. அடுத்த ஒலிம்பிக்கில் பதக்கம் நிச்சயம் என்ற உறுதியோடு நான்கு ஆண்டுகள் உழைத்தார்.

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தது. சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தமக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துப் போட்டார்கள் என்று ஜாதவ் முறையிட்டார். பாட்டியாலா மகாராஜாவிடம் நியாயம் கேட்டு, மறுபடி மோதி, எதிராளியைச் சாய்த்த பிறகே இடம் கிடைத்தது. இடம் கிடைத்தும் கையில் பணமில்லை. அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் தலைவர் கர்டேகர் தம் சொந்த வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஊராரும் தம்மால் ஆனதைப் போட்டார்கள்.

ஹெல்சிங்கியில் கனடா வீரரையும் மெக்சிகோ வீரரையும் ஜெர்மானியரையும் வென்றார். பிறகு ஜப்பானியர் ஷோஹாச்சி இஷியுடன் நீண்ட நேரம் போராடித் தோற்றார். அந்தக் களைப்பு ஆறுவதற்குள்ளாகவே சோவியத் வீரர் மாமத்பெயோவோடு மோதும்படி அழைப்பு வந்தது. இரண்டு சண்டைகளுக்கு இடையே அரை மணி நேர ஓய்வு தரவேண்டும் என்பது விதி. ஆனால் அதை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி ஒருவர்கூட அப்போது பக்கத்தில் இல்லை. இளைத்த மூச்சோடு இறங்கித் தோற்றார். அவருக்குக் கிடைத்தது வெண்கலம்.

சுதந்திர இந்தியாவுக்கு ஒரு தனி வீரர் பெற்றுத் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஊர் திரும்பியபோது 151 மாட்டு வண்டிகள் ஊர்வலமாக வந்தன. ஜாதவ் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? குஸ்திகள் நடத்தி, வந்த பணத்தைக் கொண்டு அடகு வைத்த வீட்டை மீட்டுக் கொடுத்தார். 1984இல் ஒரு சாலை விபத்தில் அவர் காலமானார். அர்ஜுனா விருது அதற்குப் பிறகே வந்தது.

"வீரன் தன் பலத்தால் ஜெயிக்கட்டும், சட்டம் பேசியா பதக்கம் வாங்குவது?" என்று சிலர் கேட்கலாம். ஓய்வு கிடைத்திருந்தால் ஜாதவ் சோவியத் வீரரை வென்றே இருப்பார் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் யாரும் போடும் பிச்சை அல்ல. எழுதி வைத்த உரிமை. கேட்க ஆளில்லாத உரிமை ஏட்டோடு கிடந்துவிடும்.

பால்மரத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நாமே ஒரு தோட்டத்தில் செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தபோது, காய்ச்சலில் கிடந்த ஒருவரின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டோம். அவரிடம் டாக்டர் சீட்டு இருந்தது. அதைக் காட்டவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. மறுமாதம் கிளைச் செயலாளர் சீட்டோடு வந்து நின்ற பிறகே அந்தச் சம்பளம் கிடைத்தது. சட்டம் முன்பும் அதேதான். பேச ஓர் ஆள் வந்ததுதான் வித்தியாசம்.

நம் நாட்டுத் தமிழர்களும் பெரிய போட்டிகளைக் கண்டவர்களே. தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் வென்றார். புக்கிட் செந்தோசா, கோல சிலாங்கூர் வட்டாரத் திடல்களில் மாலையில் ஓடும் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை உண்டு. அவர்களை நம்பும் வாத்தியார்களும் இருப்பார்கள்.

ஆகவே கிளைகளுக்கு நாம் கூற விரும்புவது இதுதான்: நம் பிள்ளை ஒருவன் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ தேர்வு பெற்றால், சப்பாத்துக்கும் பஸ் செலவுக்கும் ஒருவர் வீட்டை அடகு வைக்கும் நிலை வரக்கூடாது. ஆளுக்கு இரண்டு வெள்ளி போட்டால் போதும். அத்தோடு, அந்தப் போட்டியின் விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்ட ஒருவரையும் உடன் அனுப்பவேண்டும். படிக்கத் தெரிந்த கிராணிமார்கள் இந்தப் பொறுப்பை ஏற்க முன்வரவேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசி, இன்னார் போவார் என்று பெயர் குறித்து வைக்கும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.