பழைய பிளக்கை எங்கே போட்டாங்க?

போன வாரம் சென்னையிலிருந்து திருச்செந்தூர் கோயிலுக்கு வந்த மருமகன், அப்படியே ஆத்தூருக்கு எங்க வீட்டுக்கும் வந்தான். காலையில வண்டி ஸ்டார்ட் பண்ணா இருமுது.

"ஒரு வருஷத்துல ரெண்டு தடவ பிளக் மாத்தியாச்சு மாமா. கார்பன் கிளீனிங்கும் பண்ணியாச்சு."

"பழைய பிளக்க பாத்தியா மாப்ள?"

"அத எதுக்குப் பாக்கணும்? அவங்களே தூக்கிப் போட்டுட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்துலதான். டவுன்ல கார் வச்சிருக்கிற உங்ககிட்ட கரியைத் துடைக்கக் காசு வாங்குறாங்க, கரி ஏன் வந்துச்சுன்னு யாரும் சொல்றதில்ல. பிளக் முனை இளம் காப்பி நிறத்துல இருந்தா இஞ்சின் நல்லா இருக்குன்னு அர்த்தம். காஞ்ச கரி, தொட்டா கையில மை மாதிரி ஒட்டுதுன்னா பெட்ரோல் கூடுதலா போகுது, இல்லன்னா வண்டி சூடேறவே விடாம ரெண்டு கிலோமீட்டருக்குள்ளேயே ஓட்டுறீங்க. முனை சுமார் 450 டிகிரியைத் தாண்டினாத்தான் தன் கரியைத் தானே எரிக்கும். ஈரமா, எண்ணெய் பிசுக்கோட இருந்தா ஆயில் உள்ள இறங்குது. அதுக்குப் புது பிளக் மருந்தே இல்ல.

என்னோட பழைய கார்புரேட்டர் ஆம்னியில மூணு பிளக்கும் ஒரு தடவ காஞ்ச கரியா வந்துச்சு. ஆறுமுகநேரி உப்பளத்து ரோட்டுப் புழுதியில ஏர் பில்டர் அடைச்சிருந்தது, அவ்வளவுதான். (உப்பளத்து டீசல் இஞ்சினுக்கு இந்தத் தொல்லையே இல்ல, ஸ்பார்க் பிளக்கே கிடையாதே.)

கிளீனிங்கே ஏமாத்துன்னு சொல்லல. டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிக்கு வால்வுல கரி படியும், எடுத்துத்தான் ஆகணும். மருமகன் வண்டி அந்த ரகம் இல்ல.

மறுநாள் இஞ்சின் ஆறியிருக்கும்போதே, பிளக் குழியில இருந்த மண்ணை முதல்ல ஊதி எடுத்தோம். ஊதாம கழட்டினா அத்தனையும் சிலிண்டருக்குள்ள விழும். நாலு பிளக்கையும் கழட்டி, எது எந்த சிலிண்டர்னு நம்பர் போட்டுத் திண்ணையில வச்சேன். மூணு காப்பி நிறம். ரெண்டாவது மட்டும் முனையில ஆயில் சொட்டுது. ரிங்கோ, வால்வ் சீலோ, கம்ப்ரஷன் பாத்தாத்தான் தெரியும். ரெண்டு தடவையும் அந்தப் பிளக் இதையேதான் காட்டியிருக்கும், குப்பைக்குப் போயிருக்கு.

துடைச்சு மாட்டி அனுப்பினேன். அந்த ரெண்டாவது பிளக்கை போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கான், சர்வீஸ்காரங்ககிட்ட காட்ட.