கியர் பெட்டியின் நாடி

நாடி பாராமல் கத்தியை எடுக்கும் வைத்தியரை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பழைய மோட்டார் வண்டி சற்றே நடுங்கியதும், "கியர் பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும்" என்று சொல்பவரை நம்பிவிடுகிறோம். அணுபுரத்தில் மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்துவோருக்கு அது சாமானியச் செலவா?

முதலில் பெட்டியின் இனத்தை அறியவேண்டும். நம் செங்கற்பட்டு ஜில்லா மறைமலை நகரில் உருவான ஃபோர்டு எகோஸ்போர்ட்டையே பாருங்கள். 2013-ல் வந்த தானியங்கிப் பெட்ரோல் வண்டியில் எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளச்சு. 2017-ல் வந்ததிலோ எண்ணெயின் வேகத்தால் இயங்கும் டார்க் கன்வெர்ட்டர். முன்னது நெரிசலில் ஊர்கையில் அதிர்ந்தால் கிளச்சுத் தகட்டைச் சந்தேகிக்கலாம். பின்னதற்கு எண்ணெயே சாட்சி. சிறிது எடுத்துப் பார்க்கையில் செந்நிறமாகத் தெளிந்திருந்தால் நலம்; கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் உள்ளே தகடுகள் தேய்கின்றன. எண்ணெய் குறைந்தாலும், 'டி'யில் போட்டபின் வண்டி தயங்கும்.

ஆயினும் இன்ஜினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும், அதைத் தாங்கும் ரப்பர் நைந்தாலும் இதே நடுக்கம் உண்டாகும். கடற்காற்றில் மின் முனைகள் களிம்பேறுவதும் சகஜம். ஆகவே பாட்டரி, மின் இணைப்பு, எண்ணெய், கணினி காட்டும் பிழைக்குறி எல்லாவற்றையும் பார்த்த பின்னரே பெட்டியைப் பிரிக்கலாம்.

மறைமலை நகரில் எகோஸ்போர்ட் உற்பத்தி 2022-ல் நின்றது. வண்டிகளோ நம் வாசலில் நிற்கின்றன. "எந்தச் சோதனையால் கண்டீர்?" என்ற கேள்விக்கு விடை சொல்லாதவரிடம் அவற்றை ஒப்படைக்கலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.