ஓணானின் சிவப்பும் ஒரு கட்டுரையின் அவசரமும்

கள்ளக்குறிச்சி மாவட்டப் பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரைக்கு இது மறுப்பு. கல்வராயன் மலைப் பாறையில் நிறம் மாறும் ஓணானும் கடலடியில் நிறம் மாறும் ஆக்டோபஸும் தோல் போர்த்திய இயந்திரங்கள்தாம் என்கிறார் கட்டுரையாளர். சூடு பட்டால் மாறும், பயந்தால் மாறும், இதில் அறிவுக்கு என்ன வேலை என்று கேட்கிறார். கேட்டவர் பதிலைத் தேடவில்லை. தேடியிருந்தால் அவருடைய முதல் பத்தியே எழுந்திருக்காது.

அவர் கைகாட்டிய பாறை ஓணானையே எடுத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது ஆண் ஓணான் பாறையோடு பாறையாக மங்கிக் கிடக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அனுராதா பதாப்யாளும் மரியா தாக்கரும் இந்த இனத்தை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். பெண்ணைக் கண்டால் ஆண் ஓணானின் முதுகு சிவந்து விலா கறுக்கிறது. போட்டிக்கு வரும் ஆணைக் கண்டால் அதே முதுகு மஞ்சளாகி, விலா ஆரஞ்சாகிறது. பெண்ணிடம் காட்டும் நிறங்களில் எடுப்பு அதிகம். எதிரியிடம் நிறம் மாறும் வேகம் அதிகம். பாறையும் வெயிலும் மாறவில்லை, எதிரில் நிற்பவர் யார் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. சூடும் பயமும் இதை எப்படி விளக்கும்? கட்டுரையாளரிடம் இதற்கு ஒரு வரி இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நிறம் மாறுவது தன்னளவில் அறிவாகிவிடாது. குளிர்ந்த காலையில் ஓணான் உடல் கறுப்பது வெப்பத்தை உள்வாங்கத்தான். அதில் யோசனை எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு எல்லா நிறமாற்றத்தையும் அதற்குள் திணிப்பது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு அறிவியல் என்று பெயர் வைத்து பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார் என்பதுதான் என் கோபம்.

ஆக்டோபஸைப் பற்றி அவர் எழுதியது இன்னும் மோசம். பச்சோந்தியின் தோலில் நடக்கும் அதே வேதிவினைதான் ஆக்டோபஸ் தோலிலும் நடக்கிறதாம். பச்சோந்தியின் தோல் செல்களுக்குள் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன, அவற்றின் இடைவெளி கூடிக் குறைவதால்தான் நிறம் மாறுகிறது என்று ஜெனிவா ஆய்வாளர்கள் 2015இலேயே காட்டிவிட்டார்கள். மன்னார் வளைகுடா மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸின் கதை வேறு. அதன் தோலில் ஆயிரக்கணக்கான நிறமிப் பைகள். ஒவ்வொரு பையையும் சுற்றித் தசைகள். அந்தத் தசைகளை இயக்க மூளையிலிருந்தே நரம்புகள் வருகின்றன. அதனால்தான் கண்மூடித் திறப்பதற்குள் அதன் நிறம் மாறிவிடுகிறது. ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் கொண்ட உயிர் அது. அவற்றில் பெரும்பங்கு கைகளில் பரவிக் கிடக்கிறது.

ஆக்டோபஸுக்கு நிறக்குருடு என்பதை அவர் பிரம்மாஸ்திரம் போல் வீசுகிறார். அதன் கண்ணில் ஒரே வகை ஒளியுணர் செல்தான், உண்மை. ஆனால் வெளிச்சத்தின் அளவையும் கோலத்தையும் பரப்பின் சொரசொரப்பையும் அது பார்க்கிறது. பார்த்து, தோலை மேடுபள்ளமாக்கிக்கூடப் பொருந்திக்கொள்கிறது. கண்ணில் ஒரு குறை இருப்பதால் மூளையே இல்லை என்று எந்த மருத்துவர் சொல்வார்?

ஒளிந்துகொள்வதோடு அது நிற்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடாவில் டேவிட் ஷீலும் பீட்டர் காட்ஃப்ரே-ஸ்மித்தும் உள்ளிட்ட குழு கண்டதை 2016இல் எழுதியது. உடல் கறுத்து நிமிர்ந்து நிற்கும் ஆக்டோபஸ் மோதத் தயார், வெளிறிப்போனது பின்வாங்குகிறது. அதன் உறவான ஒரு கணவாய் இனத்தில் கல்லம் பிரவுன் குழு 2012இல் பதிவு செய்தது இதைவிட வியப்பு. ஆண் கணவாய் ஒரு பக்கம் நிற்கும் பெண்ணுக்கு ஆண் கோலத்தைக் காட்டுகிறது. அதே நொடியில் மறுபக்கம் நிற்கும் போட்டி ஆணுக்குப் பெண் கோலத்தைக் காட்டி ஏமாற்றுகிறது. அதுவும் எல்லா நேரத்திலும் இல்லை. ஒரு பெண்ணும் ஒரே ஒரு போட்டியாளனும் இருக்கும்போது மட்டும்! ஆள் எண்ணி, பக்கம் பார்த்து நடக்கும் இந்த வஞ்சகத்தை அனிச்சை என்று சொல்லத் துணிபவர் அனிச்சைக்குப் புது இலக்கணம் எழுத வேண்டும்.

இந்தோனேசியக் கடலில் கொட்டாங்குச்சிகளைச் சுமந்து போய், வேண்டும்போது கவிழ்த்து உள்ளே பதுங்கும் ஆக்டோபஸைப் பற்றி 2009இலேயே உலகம் படித்துவிட்டது. நகர்ப்புறத்தில் வாழும் பாறை ஓணான், காட்டுப்புற ஓணானைவிட விரைவாகப் பாதுகாப்பான ஒதுக்கிடத்தைக் கற்றுக்கொள்கிறது என்று பதாப்யாளும் தாக்கரும் 2019இல் காட்டினார்கள். இயந்திரம் ஊருக்கு ஒரு விதமாகக் கற்றுக்கொள்ளுமா?

கடைசியில், இந்த உயிர்கள்மீது இரக்கம் கொள்வது மேல்நாட்டு மோகம் என்று முடிக்கிறார். மாநிலங்களவையில் 1950களின் தொடக்கத்தில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அதன் வழியே வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம், மனிதர் அல்லாத எல்லா உயிரையும் விலங்கு என்றே கொள்கிறது. கணவாய், ஆக்டோபஸ் இனங்களைப் பிரிட்டன் தன் விலங்கு நல (உணர்திறன்) சட்டத்தில் சேர்த்தது 2022இல்தான்.

தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்துக் கல்லால் அடிப்பது கிராமத்துப் பிள்ளைகளின் இயல்பான விளையாட்டு, அதைத் தடுக்கத் தேவையில்லை என்று அந்தக் கட்டுரையில் ஒரு பத்தி இருக்கிறது. அதை மாணவர்கள் படித்துவிட்டார்கள். கட்டுரையாளர் தன் பெயரில், தன் கையால், அதே மாணவர்களுக்கு அதைத் திருத்தி எழுத வேண்டும்.