பெண் கொடுத்து வளர்ந்த வீடு

பவேரியாவில் அம்மர்சே ஏரிக்கு மேலே ஒரு குன்று. பெயர் ஆண்டெக்ஸ். அங்கே இருக்கும் மடாலயத்துக்குச் சாமி கும்பிடவும் போகிறார்கள், அங்கே காய்ச்சும் பீரைக் குடிக்கவும் போகிறார்கள். எண்ணூறு வருஷத்துக்கு முன் இந்த உச்சியில் மடம் இல்லை, கோட்டை இருந்தது. ஐரோப்பிய ராஜாக்கள் அந்தக் கோட்டையில் பெண் எடுத்தார்கள்.

ஆண்டெக்ஸ் பிரபுக்கள் ஆரம்பத்தில் அப்படியொன்றும் பெரிய கைகள் இல்லை. ஏரிக்கரை டீசன் ஊரிலிருந்து குன்றுக்குக் குடியேறிய கவுண்ட்டுகள். ஆனால் எந்த இடத்தைப் பிடித்தால் காசு வரும் என்று தெரிந்தவர்கள். ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குப் போகும் வணிகப் பாதையில் இன் ஆற்றுப் பாலம் அவர்கள் கையில் இருந்தது. 1180-இல் அக்கரையில் இருந்த வில்டன் மடத்தோடு ஒப்பந்தம் போட்டு நிலம் வாங்கிச் சந்தையைப் பெருக்கினார்கள். இன்றைய இன்ஸ்ப்ரூக் நகரம் அப்படி வளர்ந்ததுதான். வடக்கே குல்ம்பாக், பாய்ராய்ட். தெற்கே 1173 முதல் இஸ்த்ரியா. 1180-களில் மெரானியா டியூக் என்ற பட்டமும் வந்தது. ஏட்ரியாடிக் கரையோரத்தைக் குறிக்கும் அந்தப் பட்டம் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. ஆனாலும் வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. கவுண்ட் வீட்டுப் பெண்ணைக் கட்ட யோசிக்கும் ராஜா, டியூக் வீட்டுப் பெண் என்றால் சம்மதிப்பார்.

டியூக் பெர்த்தோல்டுக்கு நான்கு மகள்கள். மெஹ்தில்ட் கிட்ஸிங்கன் கன்னிமடத்துக்குத் தலைவியானார். மற்ற மூவருக்கும் வந்த சம்பந்தம் பிரான்ஸ், ஹங்கேரி, சைலீசியா.

பிரான்ஸுக்குப் போன ஆக்னெஸின் கதை பாவம். இரண்டாம் ஃபிலிப், டென்மார்க் இளவரசி இங்கபோர்கை 1193-இல் மணந்து மறுநாளே வேண்டாம் என்றவர். 1196-இல் ஆக்னெஸை மணந்தார். முதல் கல்யாணம் செல்லும், இது செல்லாது என்றார் போப் மூன்றாம் இன்னொசென்ட். ராஜா இறங்கிவரவில்லை. 1200-இல் பிரான்ஸின் மீது திருச்சபைத் தடை விழுந்தது: பூசை கூடாது, மணி அடிக்கக் கூடாது, செத்தவர்களுக்குச் சடங்கு கூடாது. ராஜா வீட்டு விவகாரத்துக்கு ஊரெல்லாம் தண்டனை. அடுத்த வருஷம் ஆக்னெஸ் இறந்தார். அவர் பெற்ற இரண்டு பிள்ளைகளும் முறையான வாரிசுகளே என்று அதன்பிறகு அதே போப் சொன்னார். உயிரோடு இருந்தபோது கிடைக்காத நியாயம்.

சைலீசியாவுக்குப் போன ஹெட்விக் வேறு ரகம். பனிக்காலத்திலும் வெறுங்காலோடு நடப்பாராம். செருப்பு போட்டே தீரவேண்டும் என்று ஆன்ம குரு உத்தரவிட, மறுக்காமல் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாராம். 1353-இல் எழுதப்பட்ட ஹெட்விக் சுவடியில் கையில் செருப்போடு அவர் நிற்கும் ஓவியத்தைப் பார்க்கலாம். கட்டளையை மீறவும் இல்லை, கேட்கவும் இல்லை. ராஜதந்திரம் அந்த வீட்டு ரத்தத்தில் ஊறியது என்பேன்.

உச்சியும் சரிவும் ஒரே நாளில் வந்தன என்று சொல்பவர்கள் உண்டு. 1208 ஜூன் 21, பாம்பெர்க். ஹெட்விக்கின் தம்பி டியூக் ஓட்டோவுக்கும் ஜெர்மன் ராஜா ஃபிலிப்பின் அண்ணன் மகள் பியட்ரிஸுக்கும் கல்யாணம். ராஜாவே முன்னின்று நடத்திவைத்தார். மதியம் வைத்தியத்துக்காக ரத்தம் எடுத்துக்கொண்டு பிஷப் மாளிகை அறையில் ஓய்வாக இருந்தவரை, விட்டெல்ஸ்பாக் குடும்பத்து ஓட்டோ உள்ளே வந்து கழுத்தில் வெட்டிச் சாய்த்தார். தனக்குப் பேசிய பெண்ணை ராஜா கொடுக்காமல் விட்ட கோபம். பிஷப் வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் சகோதரர் எக்பெர்ட். அவர் மீதும் இன்னொரு சகோதரர் ஹென்றி மீதும் சதிப் பழி விழுந்தது. ஹென்றியின் இஸ்த்ரியா போனது. எக்பெர்ட் ஹங்கேரியில் சகோதரி கெர்ட்ரூடிடம் அடைக்கலம் புகுந்தார்.

கெர்ட்ரூடுக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை. பிறந்த வீட்டு ஆட்களுக்குப் பதவிகளை அள்ளிக்கொடுக்கிறார் என்று ஹங்கேரியப் பிரபுக்கள் குமுறிக்கொண்டிருந்தார்கள். ஒரு சகோதரர் இளம் வயதிலேயே கலோச்சா பேராயர். 1213-இல் கணவர் போருக்குப் போயிருந்த நேரம் பார்த்து ராணியைக் கொன்றார்கள். அவர் மகள் எலிசபெத்தை 1235-இல் திருச்சபை புனிதராக்கியது. அம்மாவோ, யோஜெஃப் கடோனாவின் நாடகத்திலும் எர்கெலின் ஓபராவிலும் இன்றுவரை வில்லி.

கொலைப் பழியால்தான் ஆண்டெக்ஸ் குடும்பம் அழிந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். எக்பெர்ட் சில வருஷத்தில் பழி நீங்கித் திரும்பினார். 1237-இல் பாம்பெர்க் பேராலயம் அர்ச்சிக்கப்பட்டது அவர் காலத்தில்தான். கலோச்சாவில் இருந்த பெர்த்தோல்டு 1218-இல் அக்விலேயாவின் பேட்ரியார்க் ஆனார். கெட்டுப்போன குடும்பத்துக்கு இதெல்லாம் வாய்க்குமா?

வினை அந்த வெற்றியிலேயே இருந்தது. நான்கு ஆண்பிள்ளைகளில் இரண்டு பேரைச் சபைக்குக் கொடுத்தார்கள். பதவி பெரியது, வருமானம் பெரியது, வாரிசு கிடையாது. ஹென்றி 1228-இல் பிள்ளையில்லாமல் போனார். மிச்சம் டியூக் ஓட்டோவும் அவருடைய ஒரே மகன் இன்னொரு ஓட்டோவும். ஒரு பையனின் ஆயுளை நம்பி, ஆல்ப்ஸிலிருந்து பர்கண்டி வரை சொத்து. 1248-இல் நீஸ்டன் கோட்டையில் அந்த மகனும் பிள்ளையில்லாமல் இறந்தார். அக்விலேயாவில் பெர்த்தோல்டு 1251 வரை இருந்தார். வம்சத்தில் மிஞ்சிய ஒரே ஆண், ஆனால் துறவறம் பூண்ட கிழவர்.

பிறகு நடந்தது எந்த ஊர்க்காரருக்கும் தெரிந்த கதை. 1248-இல் இறந்த ஓட்டோவுக்கு ஐந்து சகோதரிகள். மாப்பிள்ளைகள் பங்கு கேட்டு வந்தார்கள். பர்கண்டி ஷாலோன் வீட்டுக்கு, குல்ம்பாக் ஓர்லாமுண்டே வீட்டுக்கு. பாம்பெர்க் பிஷப்பும் தன் பங்குக்குச் சண்டைக்கு நின்றார். 1260-இல் லாங்கென்ஸ்டாட்டில்தான் அந்தச் சண்டை சமாதானம் ஆனது. டிரோல் நிலம் ஓட்டோவின் மாமனார் ஆல்பர்ட் கைக்கு. ஆண்டெக்ஸ் குன்றை விட்டெல்ஸ்பாக் டியூக் பிடித்துக்கொண்டார். ஆம், ராஜாவை வெட்டியவரின் பங்காளிக் கிளைதான். 1918 வரை பவேரியாவை ஆண்டவர்கள் அவர்கள். பாய்ராய்ட் யாருக்கு? எலிசபெத் என்ற சகோதரியைக் கட்டிய நியூரம்பெர்க் பர்கிரேவுக்கு. அந்த ஹோகென்சோலர்ன் குடும்பம்தான் 1871-இல் ஜெர்மன் பேரரசர் பட்டம் வரை போனது.