ஒலியும் இசைவும்

மக்கள் கூடி வாழும் இயல்பினர் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், ஊர்ப்புறத்தில் கூடி வாழ்தல் வேறு. பெருநகரத்தில் கூடி வாழ்தல் வேறு. ஊர்ப்புறத்தே வீட்டிற்கும் வீட்டிற்கும் இடையே முற்றமும் வேலியும் கிணற்றடியும் உள. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருப்போர் பலர்க்கு 4½ அங்குலச் செங்கற்சுவர் ஒன்றே எல்லையாய் நிற்கின்றது. ஒருவர்க்கு முகடாவது மற்றொருவர்க்குத் தரையாம். ஆதலின், அயலார் ஓசை என்பது சிறுபொருளாகத் தோன்றினும், வாடகை அறையிலிருந்து கற்கும் நம்மனோர்க்கும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் செவிலியர்க்கும், நோயுற்ற முதியோர்க்கும் அஃது உடல்நலத்தையும் உள்ள அமைதியையும் பற்றிய பெரும்பொருளேயாம்.

தமிழில் ஒலியைக் குறிக்கும் சொற்கள் பல. அரவம், சந்தடி, இரைச்சல், கூச்சல், ஆரவாரம் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு நுட்பம் உடையது. அவற்றுள் இசை என்னும் சொல் ஈண்டு உன்னத்தக்கது. இசைதல் என்பதற்கு உடன்படுதல் என்பதும் பொருளன்றோ? கேட்போன் உளம் இசைந்தவழி ஒலி இன்பமாகின்றது. இசையாதவழி அதுவே இரைச்சலாகின்றது. மாலையில் மகிழ்ந்து கேட்ட பாட்டே நள்ளிரவில் அடுத்த வீட்டிலிருந்து வருங்கால் துன்பமாதல் இதனாலேயாம்.

அயலார் ஒலியை இருவகையாகப் பகுத்தல் நன்று. ஒன்று வாழ்வின் ஒலி. மற்றொன்று பிறரைப் பொருட்படுத்தாமையின் ஒலி. குழந்தையின் அழுகை, முதியவர் இருமல், காலை அடுக்களையில் எழும் குக்கரின் கூவல் ஆகியன முன்னதன்பாற்படும். நள்ளிரவில் ஒலிபெருக்கியைத் திருகிவைத்தலும், படிக்கட்டில் நின்று பன்னிரண்டு மணிவரை உரக்க நகையாடலும் பின்னதன்பாற்படும். முன்னதைப் பொறுத்தல் நம் கடன். பின்னதைக் குறித்துப் பேசுதலும் நம் கடனே.

ஆனால் வாடகைக்கு இருப்போர் பெரும்பாலும் பேசுவதில்லை. வந்தேறியவர்க்கு வாய் எதற்கு என்னும் எண்ணமும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்னும் அச்சமும் அவர் நாவைக் கட்டுகின்றன. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்கின்றது. ஒப்பந்தக் காலத்தில், சட்டம் கூறும் காரணங்களின்றி வாடகைக்காரரை வெளியேற்றல் இயலாது. அமைதி வேண்டுதல் அக்காரணங்களுள் ஒன்றன்று.

பொறுத்தல் அறமாயிற்றே எனச் சிலர் வினவக்கூடும். வாய்மூடியிருந்து நெஞ்சினுள்ளே அயலானை நாள்தோறும் வைதுகொண்டிருத்தல் பொறுமையாமா? அவ்வாறு அடக்கிய சினம் ஓர் இரவில் துடைப்பக் கட்டையால் முகட்டை இடிக்கும். அல்லது குடியிருப்பார் வாட்சப் குழுவில் பெயர் சுட்டாத வசைமொழியாய் வெளிப்படும். இடித்த கட்டை எந்த ஒலி, எந்நேரத்து ஒலி என்று உரைக்குமோ? உரையாது, மேல்வீட்டார்க்கும் கீழ்வீட்டார்க்கும் பகையை மட்டும் விளைக்கும்.

யாம் கூறுவது இதுவே: ஒலி தொடங்கிய சின்னாட்களிலேயே, சினம் முற்றுமுன், பகற்பொழுதில் நேரிற் சென்று பேசுக. எவ்வொலி, எந்நேரம் என்பதைத் தெளிவாகச் சொல்லுக. செய்தற்கு எளியதொன்றை வேண்டுக. எம் நண்பர் சிலர் குடியிருந்த வீட்டில் மேல்தளத்திலிருந்து நாள்தோறும் வைகறையில் அதிர்வொன்று எழுந்தது. சென்று வினவியபோது, அவ்வீட்டு அம்மையார் விற்பனைக்கு மாவரைத்துவிட்டுப் பின் வேலைக்குச் செல்பவர் என அறிந்தனர். கிரைண்டரை நிறுத்துமாறு அவர்கள் கேட்கவில்லை. அதன்கீழ்த் தடித்த ரப்பர் விரிப்பொன்று இடுமாறு கேட்டனர். அதிர்வு பெரிதும் தணிந்தது. காற்றின்வழி வரும் பேச்சொலியைக் கதவடைத்துக் குறைக்கலாம். தரையை மோதி எழும் ஒலியோ காங்கிரீட்டின் வழியே பரவுமாதலின், பிறக்கும் இடத்திலேயே அதனைத் தடுத்தல் வேண்டும். அதற்கு மேல்வீட்டார் துணை இன்றியமையாதது. பகைத்தவர் துணை செய்வரோ?

இன்சொல்லுக்கு இசையாதாரும் உளர். அவர்பொருட்டே சட்டம் உளது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என அளவு வகுத்துள்ளன. 10 டெசிபெல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். இரவமைதியை அவ்விதிகள் எத்துணை மதித்தன என்பது இதனாற் புலப்படும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவெனப்படும். வீட்டுக்காரரிடமும் குடியிருப்போர் சங்கத்திலும் உரைத்துப் பயனில்லையாயின், நாளும் நேரமும் குறித்துவைத்துக் காவல் நிலையத்தில் முறையிடுக. பேசும் உரிமை உடையவனுக்கு, கேட்க விரும்பாதவனை வலிந்து கேட்பிக்கும் உரிமை இல்லை என்பதை 2005-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

இவ்வளவும் பிறரை நோக்கி உரைத்தோம். இனி நம்மை நோக்குவோம். சென்னையில் ஒரு திருச்சபையார் ஒலிபெருக்கியும் முழவும் கொண்டு வழிபட்டமைபற்றி அருகிலிருந்த குடியிருப்போர் சங்கத்தார் வழக்கிட்டனர். அவ்வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எச்சமயமும் விதிக்கவில்லை என அம்மன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. கிறித்தவ மாணவராகிய எமக்கு அத்தீர்ப்பு தோல்வியாகத் தோன்றவில்லை. அயலானை நேசிக்க வேண்டும் என ஞாயிறுதோறும் கேட்கும் நாம், அவன் உறக்கத்தைக் கெடுத்துப் பாடும் பாட்டை யாருக்குப் பாடுகின்றோம்? இறைவன் செவிக்கு ஒலிபெருக்கி வேண்டுவதன்று. எச்சமயத்தார்க்கும், திருமண வீட்டார்க்கும், பிறந்தநாள் கொண்டாடும் விடுதி மாணவர்க்கும் இது பொருந்தும்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! புதிதாக வாடகை வீடு புகுவோர் மேல்வீட்டாரையும் கீழ்வீட்டாரையும் முதல் வாரத்திலேயே கண்டு பெயர் வினவி அறிமுகம் கொள்க. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் இடுக. நம் ஒலி தம்மை வருத்துமாயின் தயங்காது உரைக்குமாறு நாமே முந்திச் சொல்லுக. அவ்வாறு சொன்னவர்க்கே பின்னொருநாள் அயலார் கதவைத் தட்டி வேண்டும் உரிமை முழுமையாக உண்டாகும். சுவர் மெல்லியதாயினும் கேண்மை வலிதாயின், ஒலியும் இசைவாகும்.