பையில் இரண்டு கற்கள்

மீன் சந்தையில் தராசிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். நூறு கிராம் குறைந்தாலும் கேட்டுவிடுவேன். போன மாதம் வீட்டுவேலைக்கு வரும் அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வரவில்லை. சம்பளம் எண்ணும்போது என் விரல் தானாக இரண்டு நாள் கூலியைப் பிரித்து வைத்தது. அதே மாதம் நானும் காய்ச்சலில் இரண்டு நாள் அலுவலகம் போகவில்லை. என் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை; குறைந்திருந்தால் விட்டிருப்பேனா?

பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கற்களைப் பையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது வேதாகமத்தின் உபாகமம் 25ஆம் அதிகாரம். வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் என்று வைத்திருந்த வியாபாரிக்குச் சொன்னது அது என்று நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் எனக்கு ஒரு கல், அடுத்தவருக்கு ஒரு கல் என்று அந்தப் பை நம் எல்லோர் மனதிலும் தொங்குகிறது. பாவம் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் நடக்கிறது. இயேசு வீட்டுக்கு வந்த அன்று வரி வசூலிப்பவரான சகேயு அழுததாக லூக்கா தன் சுவிசேஷத்தில் எழுதவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றதைத்தான் எழுதியிருக்கிறார். மனந்திரும்புதல் கைவரைக்கும் வரவேண்டும்.

பிரித்த நோட்டுகளைச் சேர்த்தே கொடுத்தேன். அக்கா எண்ணிப் பார்த்து, “ரெண்டு நாள் காசு கூட இருக்கேம்மா” என்று என்னிடமே நீட்டினார். அவர் பையில் ஒரே கல்தான் இருந்தது.